முத்தட்டும் என்று காத்திருப்பவர்கள்

(முதியோர் மருத்துவம் நாடும் முடிவு குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதியோர் நலம் என்ற பொதுத் தலைப்பில் பேச அழைத்தீர்கள். அதற்குள் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறுபது, எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் உடம்பில் ஏதோ மாறியிருப்பதை உணர்கிறார். அப்போது தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்வரை அவர் மனத்தில் என்ன நடக்கிறது? எந்தத் தகவலை எடுத்துக்கொள்கிறார், எதைத் தள்ளுகிறார், யாரைக் கேட்கிறார், எந்தக் கணக்கைப் போட்டுப் "போவோம்" என்றோ "இருக்கட்டும், பார்ப்போம்" என்றோ முடிவு செய்கிறார்?

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான கேள்வி. 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகை மதிப்பீட்டின்படி நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தோர் ஏறக்குறைய 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. முதியோர் மருத்துவத்தில் நாம் பின்தங்கியவர்களும் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, சிறப்பு மருத்துவர்களும் வந்துவிட்டார்கள். முதியவர் எப்போது வருகிறார் என்பதுதான் மீதி.

"இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" நம் வெளிநோயாளர் பிரிவுகளில் வயதானவர்கள் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர் மனத்தில் விடையும் தயாராக இருக்கும்: விழிப்புணர்வு இல்லை, படிப்பில்லை, அலட்சியம். இந்த விடை தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. காத்திருக்கும் முதியவரிடம் தகவல் நிறையவே இருக்கிறது. அதைக் கொண்டு அவர் ஒழுங்காக யோசிக்கவும் செய்கிறார். அவர் பயன்படுத்தும் விதிகள் பெரும்பாலும் ஒரு காலத்தில் சரியாக இருந்தவை; சிலவற்றை நாமே கற்றுக்கொடுத்தோம். மருத்துவம் மாறியபோது விதியும் மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று கட்டங்கள்

மருத்துவரிடம் வருவதில் ஏற்படும் தாமதத்தை ஒரே மூட்டையாகப் பார்க்கக் கூடாது என்று 1979இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சேஃபர், தார்ப்ஸ், ஜாக்சன், லெவெந்தால் ஆகிய நால்வர் செய்தது. அவர்கள் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உடம்பில் தெரிவது நோய்தானா என்று தீர்மானிக்க எடுக்கும் காலம் முதலாவது. நோய்தான் என்று தெரிந்த பிறகு அதற்கு மருத்துவர் வேண்டும் என்று தீர்மானிக்க எடுக்கும் காலம் இரண்டாவது. வேண்டும் என்று தீர்மானித்த பிறகு உண்மையில் போய்ச் சேர எடுக்கும் காலம் மூன்றாவது.

நம் வீடுகளில் இந்த மூன்றும் மூன்று பேச்சாகக் காதில் விழும். "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்பது முதல் கட்டம். "இதுக்குப் போய் டாக்டர்கிட்டக் காட்டணுமா?" என்பது இரண்டாவது. "யாரு கூட்டிக்கிட்டுப் போறது?" என்பது மூன்றாவது. மூன்றும் மூன்று வேறு தடைகள். முதலாவது உடம்பு தரும் செய்தியைப் படிப்பதில் உள்ள சிக்கல், இரண்டாவது நோயைப் பற்றிய நம்பிக்கை, மூன்றாவது வீடும் வண்டியும் காசும். இலவச பஸ் விட்டால் மூன்றாவது குறையும், முதலாவது அசையாது. சுவரொட்டி ஒட்டினால் இரண்டாவது ஓரளவு மாறலாம். கூட்டிப்போக ஆள் கிடைத்துவிடாது. எந்தக் கட்டத்தில் ஆள் நிற்கிறார் என்று கேட்காமல் செய்யும் விழிப்புணர்வுப் பணி பெரும்பாலும் வீணாகிறது.

இர்விங் சோலா என்ற சமூகவியலாளர் 1973இல் பாஸ்டன் நகரில் மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியதும் இங்கே உதவும். நோய் முற்றும்போதுதான் மனிதர் மருத்துவரிடம் ஓடுகிறார் என்று நாம் நினைக்கிறோம். சோலா கண்டது வேறு. அறிகுறி பல நாளாக அப்படியேதான் இருக்கும். வாழ்க்கையில் வேறு ஏதோ ஒன்று நடக்கும்போது ஆள் கிளம்புவார். வீட்டில் ஒரு நெருக்கடி வரலாம். வழக்கமான வேலையோ உறவாடலோ தடைபடலாம். உரிமையோடு ஒருவர் "கிளம்பு" என்று அதட்டலாம். அல்லது அவரே "திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போகிறேன்" என்று தமக்கு ஒரு கெடு வைத்திருக்கலாம். பொங்கல் கழியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும், நடவு முடியட்டும் என்று நம் பெரியவர்கள் வைக்கும் கெடுக்களும் இந்த வகைதான். அதைச் சோம்பலாக எண்ண வேண்டாம். கெடு வைப்பதும் ஒரு முடிவெடுக்கும் முறை.

ஐந்து கேள்விகள்

ஹோவர்ட் லெவெந்தால் என்ற உளவியலாளர் தம் குழுவோடு பல பத்தாண்டுகள் இந்தத் துறையில் உழைத்தார். அவருடைய அடிப்படைக் கருத்து எளிது. நோய் வந்த எவரும் மருத்துவப் படிப்பு இல்லாமலே தமக்குள் ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொள்கிறார். அந்த விளக்கத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை இருக்கும். இதன் பெயர் என்ன? எதனால் வந்தது? எவ்வளவு நாள் இருக்கும்? என்ன விளைவைத் தரும்? எதைச் செய்தால் அடங்கும்?

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற நான்கும் தாமாக வந்து விழும். நெஞ்சில் ஒரு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு "வாய்வு" என்று பெயர் வைத்தால் காரணம் நேற்றுச் சாப்பிட்ட உருளைக்கிழங்கு, காலம் ஒரு மணி நேரம், விளைவு பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து ஓமத் தண்ணீரோ ஒரு கோலி சோடாவோ. அதே அழுத்தத்துக்கு "மாரடைப்பு" என்று பெயர் வைத்தால் மற்ற நான்கு விடைகளும் தலைகீழாகும். இந்தப் பெயர் மருத்துவரிடம் வைக்கப்படுவதில்லை. அடுப்படியிலோ திண்ணையிலோ அந்த முதல் பத்து நிமிடத்தில் வைக்கப்படுகிறது.

பெயருக்கும் உணர்வுக்கும் இடையே இருவழிப் போக்குவரத்தும் உண்டு. அறிகுறி வந்தால் பெயர் தேடுகிறோம். பெயர் கிடைத்துவிட்டால் அதற்குத் தக்க அறிகுறியைத் தேடுகிறோம். இரத்த அழுத்த நோயாளிகளிடம் மேயர், லெவெந்தால், கட்மன் ஆகியோர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. இரத்த அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது என்பதை நோயாளிகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அதே பெரும்பாலோர், தமக்கு ஏறினால் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார்கள். தலை வலிக்கும், முகம் சூடாகும், படபடக்கும் என்று ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். அந்த அடையாளத்தை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நடந்தது. "தலை சுத்தல் இல்ல, அதனால பிரஷர் மாத்திரை போடல" என்று நம் ஊரில் சொல்பவரும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறார். பொது உண்மையை அவர் மறுக்கவில்லை. தம் உடம்பு தமக்குத் தரும் செய்தியை அதைவிட நம்புகிறார்.

உடம்பு தரும் செய்தி மெலியும்போது

உடம்பை நம்புவது இளமையில் நல்ல வழி. வயதாக ஆக அந்தச் செய்தியே மெலிகிறது என்பதுதான் சங்கடம்.

தாகத்தைப் பாருங்கள். 1984இல் ஃபிலிப்ஸ் குழுவினர் ஆரோக்கியமான முதிய ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்து பார்த்தார்கள். உடம்பில் நீர் குறைந்தும் முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே எடுத்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். சித்திரை வெயிலில் "தண்ணி தவிக்கல" என்று சொல்லும் தாத்தா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தவிக்கவில்லை, உடம்பு வறண்டிருக்கிறது. காய்ச்சலும் அப்படித்தான். இளையவருக்கு அனலாகக் கொதிக்கும் தொற்று, முதியவருக்கு லேசான உடம்புச் சூட்டோடும், பசியின்மையோடும், திடீர்க் குழப்பத்தோடும் நின்றுவிடக்கூடும். வெப்பமானியைப் பார்த்து "காய்ச்சல் இல்லை" என்று வீடு நிம்மதி அடையும் வேளையில் நுரையீரலில் நிமோனியா பரவிக்கொண்டிருக்கக்கூடும்.

மாரடைப்பு பற்றிய கணக்கு இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் 4,34,877 மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த கான்டோ குழுவினர் 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூவரில் ஒருவருக்கு நெஞ்சு வலியே இல்லை. வலி இல்லாதவர்களின் சராசரி வயது 74. வலி இருந்தவர்களுக்கு 67. வலி இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு வர சராசரியாக 7.9 மணி நேரம் ஆனது, மற்றவர்களுக்கு 5.3 மணி நேரம். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முதல் வகையில் 23.3 சதவீதம், இரண்டாம் வகையில் 9.3 சதவீதம். அறுபது ஆண்டு சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த சமூகம் நாம். மூச்சு வாங்குவதையும், வேர்வையையும், காரணமில்லாத அசதியையும் மாரடைப்பு என்று படிக்க நமக்கு யாரும் பழக்கவில்லை.

இந்த இடத்தில் நம் மாநிலத்தின் சாதனை ஒன்றையும் அதன் எல்லையையும் சேர்த்துப் பார்க்கலாம். 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் இங்கே ஓடத் தொடங்கியது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. மாரடைப்பு நோயாளிகளில் ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டியது. அந்த ஏற்பாட்டுக்குள் ஆள் வந்து சேர்ந்தால் கிடைக்கும் பலன் அது. கோலி சோடா வாங்கப் பேரனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரம் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே ஓடுகிறது.

வயசு என்னும் விளக்கம்

மெலிந்த செய்தி வரும்போது அதற்கு வைக்க எப்போதும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: வயசு. மெதுவாக வந்தது, லேசாக இருக்கிறது, வலி இல்லை என்றால் அது வயதின் கணக்கில் எழுதப்படும் என்பதை 1987இல் புரோஹாஸ்காவும் லெவெந்தால் குழுவினரும் காட்டினார்கள். காது மந்தமாவது, நடை தளர்வது, ஒன்றுக்கு அடிக்கடி போவது, மறதி, மனச்சோர்வு எல்லாம் இந்தக் கணக்கில் போய்ச் சேர்கின்றன. வயது என்று எழுதிவிட்டால் மருந்து கிடையாது. மருந்து இல்லாததற்கு ஆஸ்பத்திரி எதற்கு? முதுமையிடம் எதையும் எதிர்பார்க்காதவர்கள் மருத்துவம் நாடுவதையும் முக்கியமாகக் கருதுவதில்லை என்று 2002இல் சார்கிசியான் குழுவினர் கண்டார்கள். அதே 2002இல் பெக்கா லெவி ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரின் நெடுங்காலப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்.

வயது போலவே "அலைச்சல்" என்பதும் ஒரு பெயர். தெளிவில்லாத ஓர் அறிகுறி, அண்மையில் தொடங்கிய மன உளைச்சலோடு சேர்ந்து வந்தால் மனிதர்கள் அதை உளைச்சலின் கணக்கில் எழுதி மருத்துவரைத் தவிர்க்கிறார்கள் என்று 1995இல் கேமரன், எலெய்ன் லெவெந்தால், ஹோவர்ட் லெவெந்தால் ஆகியோர் காட்டினார்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பெரியவர்கள் தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை கேட்டதை வைத்து, முதியவர்கள் எப்போதும் தாமதிப்பவர்கள் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கலாம். சான்று அப்படி இல்லை. எலெய்ன் லெவெந்தாலும் உடனுழைத்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் நடுவயதினரைவிட விரைவாக மருத்துவரிடம் போனார்கள். கடுமையானது என்று தோன்றிய அறிகுறிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. நடுவயதினர் பயந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். முதியவர்களோ தம்மிடம் எஞ்சிய பலம் கொஞ்சம்தான் என்று உணர்ந்து, சந்தேகத்தைச் சுமந்துகொண்டு இருப்பதைவிட அதை மருத்துவரிடம் இறக்கிவைக்க விரும்பினார்கள். ஆக, நோய் என்று பெயர் வைத்துவிட்டால் முதியவர் வேகமாகப் போகிறார். வயது என்று பெயர் வைத்தால் போகவே மாட்டார். இரண்டுக்கும் இடையே இருப்பது அந்தப் பெயர் மட்டுமே.

குறைவாகப் படித்து விரைவாக முடிவெடுப்பது

தகவலை எவ்வளவு தருவது என்பது அடுத்த செய்தி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் போனி மேயர் குழுவினர் 1995இல் பல வயதுப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய கற்பனைச் சூழல் ஒன்றைக் கொடுத்து என்ன முடிவு எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மூத்த பெண்கள் குறைவான தகவலே தேடினார்கள். வேகமாக முடிவுக்கு வந்தார்கள். எட்டிய முடிவுகளோ இளையவர்களுடைய முடிவுகளோடு ஒத்திருந்தன. அனுபவம் அவர்களுக்குப் பல பக்கங்களை மிச்சப்படுத்தியிருந்தது. அதனால் பத்து அம்சத் துண்டறிக்கையைக் கையில் திணிப்பது முதியவருக்குச் செய்யும் உதவி ஆகாது. முக்கியமான இரண்டு செய்தி பத்தில் புதைந்துபோகும்.

கோரின்னா லோக்கன்ஹாஃபும் லாரா கார்ஸ்டென்சனும் 2007இல் இன்னொன்றைக் காட்டினார்கள். மருத்துவரையோ மருத்துவத் திட்டத்தையோ தேர்வு செய்யும்போது மூத்தவர்கள் நல்ல செய்திகளைக் கூடுதலாகப் பார்க்கிறார்கள், நினைவிலும் அவற்றையே கூடுதலாக வைக்கிறார்கள். ஆனால் விவரங்களைக் கவனித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அவர்களுக்குத் திறன் குறையவில்லை, நாட்டம் வேறாக இருந்தது என்பது இதன் பொருள். பயமுறுத்தும் சுவரொட்டி பெரியவர்களிடம் ஏன் எடுபடுவதில்லை என்பதும் இதனால் ஓரளவு விளங்குகிறது.

மதுரைப் பக்கத்துக் கண்கள்

இவ்வளவையும் ஒரே நோயில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அதற்குக் கண்புரையைவிடப் பொருத்தமான நோய் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம்கள், இலவச அறுவை எல்லாம் வந்தன. இருந்தும் முகாம் நடத்திய கிராமங்களை ஆராய்ந்து ஃபிளெட்சர் குழுவினர் 1999இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. கண்ணில் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதமே. வராதவர்கள் சொன்ன காரணங்களில் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, இந்த வயதில் எதற்கு என்ற எண்ணம், இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற மனநிலை எல்லாம் இருந்தன.

இன்னொரு காரணத்தை எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கலாம்: "புரை இன்னும் முத்தலை. முத்தட்டும்." இதை மூடநம்பிக்கை என்று இளம் மருத்துவர்கள் சிரித்துத் தள்ளுகிறார்கள். சிரிப்பதற்கு முன் இந்த விதியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

உள்விழி லென்ஸ் பரவலாவதற்கு முன் கண்ணின் லென்சை முழுதாக எடுத்துவிடுவார்கள். உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது. அறுவைக்குப் பின் "சோடாபுட்டி" என்று பிள்ளைகள் கேலி செய்யும் தடித்த கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடியில் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படி எங்கே இருக்கிறது என்று கால் தடுமாறும். ஓரப் பார்வை போய்விடும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்து மறு கண்ணில் பார்வை இருந்தால் இரண்டு பிம்பங்களும் ஒட்டாமல் இரட்டையாகத் தெரியும். அந்தக் காலத்தில் பார்வை மிச்சம் இருப்பவருக்கு அறுவை செய்தால் லாபத்தைவிட நட்டமே அதிகம். அதனால் மருத்துவர்களே சொன்னார்கள்: "இன்னும் முத்தலை, அடுத்த வருஷம் வாங்க." கேட்டவர் வீட்டுக்கு வந்து தம் மகனிடம் சொன்னார். அந்த மகனுக்கு இன்று எழுபது வயது.

1992இல் மதுரையில் அரோலேப் நிறுவனம் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்த லென்சைப் பத்து டாலர் அளவில் இங்கேயே செய்யத் தொடங்கியபோது கணக்கே மாறியது. புரையால் அன்றாட வேலை தடைபடும்போதே அறுவை செய்துகொள்ளலாம் என்றானது. அதோடு முத்தவிடுவது ஆபத்தாகவும் எண்ணப்பட்டது. மிகவும் முத்திய புரை உப்பியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். கண் சிவந்து, வலித்து, பார்வை நிரந்தரமாகப் போகலாம். அப்படி வந்தவர்களைப் பற்றி மதுரை மருத்துவர்கள் 1996இல் எழுதிய ஆய்வில், அழுத்தம் ஏறி 5 நாளுக்கு மேல் கழித்து வந்தவர்களுக்குப் பார்வை மீளும் வாய்ப்பு குறைந்திருந்தது. ஒரு தலைமுறைக்குள் அறிவுரை நேர் எதிராகிவிட்டது. லென்ஸ் கிராமத்துக்கு வந்து சேர்ந்த வேகத்தில் புதிய விதி வரவில்லை.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. பார்வை மங்கினால் அதற்குப் "புரை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்தவுடன் லெவெந்தாலின் மற்ற நான்கு விடைகளும் வந்துவிடும்: காரணம் வயசு, காலம் மெதுவானது, விளைவு சமாளிக்கக்கூடியது, மருந்து முத்திய பிறகு ஆபரேஷன். ஆனால் மங்கியதற்குக் காரணம் கண்ணழுத்த நோயாக இருக்கலாம், சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கலாம். கண்ணழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. போவதும் வலியில்லாமல் ஓரத்திலிருந்து போகும். புரைக்குப் பொருத்தமான பொறுமை இங்கே கண்ணையே பறிக்கும். காத்திருப்பவர் தவறாக யோசிக்கவில்லை, தவறான பெயரின் கீழ் சரியாக யோசித்திருக்கிறார்.

ஆகவே பெரியவரிடம் "ஆபரேஷன் பண்ணிக்கோங்க" என்று தொடங்குவது பிழை. காட்டுவதும் கத்தி வைப்பதும் இரண்டு தனி முடிவுகள். அவர் மனத்தில் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுவை செய்துவிடுவார்கள் என்று அஞ்சியே காட்டாமல் இருக்கிறார். "முத்தினதா இல்லையான்னு நாமே சொல்ல முடியாதுல்ல, சும்மா பார்த்துட்டு மட்டும் வந்துடலாம், மத்தத அப்புறம் யோசிக்கலாம்" என்று பிரித்துச் சொன்னால் வருவார்.

யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். கண்புரை அறுவைக்கு வருவதைக் கூட்டும் வழிகளைத் தென்னிந்தியக் கிராமங்களில் ஒப்பிட்டு பிரில்லியன்ட் குழுவினர் 1991இல் வெளியிட்டார்கள். உணவும் போக்குவரத்தும் சேர்த்து முழுச் செலவை ஏற்றது உதவியது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்றவர் வீடு தேடிப்போய்ப் பேசியதும் உதவியது. பார்வை பெற்றவரை நேரில் பார்க்கும் முதியவர் புள்ளிவிவரம் கேட்பதில்லை. வலிச்சுதா, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் எப்போ போகலாம், வெயில் காலத்துல பண்ணலாமா என்று கேட்பார். அவருடைய முடிவு நிற்பது அந்தக் கேள்விகளில்தான். நம் துண்டறிக்கைகளில் அவற்றுக்கு இடமில்லை.

வீட்டுக்குள் நடக்கும் ஆலோசனை

எலியட் ஃபிரெய்ட்சன் 1960இலேயே சொன்னதுபோல, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நோயாளி பல பேரைப் பார்த்துவிடுகிறார். வீட்டுக்காரி, பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக் கடைத் தம்பி, வெளியூரில் இருக்கும் மகள் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைக்கிறார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது.

இந்த ஆலோசனையில் முதியவர் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு கணக்கும் உண்டு. தம்மைக் கூட்டிப்போனால் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். மருமகள் வேலைக்கு லீவு போட வேண்டும். டெஸ்ட் எழுதினால் யார் கொடுப்பது? தம் நோயின் விலையை அவர் தம் பெயரில் எழுதுவதில்லை, பிள்ளையின் பெயரில் எழுதுகிறார். தனியாக இருக்கும் அப்பத்தாக்களிடம் இது இன்னும் கடுமை. தமக்கென்று வருமானம் இல்லாத பெண், தம் நோயை வாயைத் திறந்து சொல்வதே பிறரிடம் கேட்பதாகிவிடுகிறது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சை நலம் பற்றிய செய்தியாக மட்டும் மருத்துவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் அருமை இந்த இடத்தில் தெரிகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் மாத்திரையைவிட முக்கியமான ஒன்றையும் அத்திட்டம் கொண்டுவருகிறது என்று நினைக்கிறேன். அதே பகுதியைச் சேர்ந்த, முகம் தெரிந்த ஒரு பெண் மாதந்தோறும் வாசலுக்கு வருகிறார். யாரையும் சிரமப்படுத்தாமல், யாருடைய கூலியையும் கெடுக்காமல், "இங்க பாரும்மா, ரெண்டு மாசமா கால் வீங்குது" என்று காட்டக் கிடைத்த வாய்ப்பு அது. மூன்று கட்டத் தாமதத்தில் மூன்றாவதை அந்த வருகை கரைக்கிறது. முதல் இரண்டையும் கரைக்க வேண்டுமானால் அந்தப் பெண் மாத்திரை கொடுத்துக் கையெழுத்து வாங்கியதோடு கிளம்பாமல் ஒரு கேள்வி கேட்க நேரமும் பயிற்சியும் பெற வேண்டும்: "போன மாசம் செஞ்ச எந்த வேலையை இந்த மாசம் செய்ய முடியலை?" வலி உண்டா என்று கேட்டால் இல்லை என்பார். கிணற்றடி வரை போக முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேட்டால் உண்மை வரும். மெலிந்துபோன அறிகுறியைவிட விட்டுப்போன வேலை நம்பகமான தகவல்.

செய்யக்கூடியவை

முடிவாக, மாணவர்களுக்கு மூன்றும் நம் எல்லோருக்கும் ஒன்றுமாக நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். "இது என்னவாக இருக்கும்னு நினைச்சீங்க?" என்று கேளுங்கள். அந்த விடையில் அவர் வைத்த பெயர் இருக்கும். பெயரை மாற்றாமல் அவருடைய நடத்தையை மாற்ற முடியாது.

இரண்டாவது, அறிவுரை மாறியிருந்தால் மாறியதைச் சேர்த்தே சொல்லுங்கள். "அந்தக் காலத்துல முத்தணும்னு சொன்னது சரிதான், அப்போ உள்ளே வைக்க லென்ஸ் இல்ல. இப்போ இருக்கு, அதனால காத்திருக்க வேண்டாம்." இப்படிச் சொன்னால் முதியவர் தாம் ஏமாந்ததாக உணர மாட்டார். அவர் நம்பிய பழைய மருத்துவரின் மதிப்பும் கெடாது. பழையது தவறு என்று மட்டும் சொன்னால், நாளைக்கு நீங்கள் சொல்வதும் தவறாகும் என்று அவர் நியாயமாகவே எண்ணுவார்.

மூன்றாவது, இரண்டு செய்திக்கு மேல் ஒரு சந்திப்பில் சொல்லாதீர்கள். எதை வயதின் கணக்கில் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்பது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். திடீர் மூச்சுத்திணறல், திடீர்க் குழப்பம், ஒரு பக்கம் செயலிழப்பு, திடீரென மறையும் பார்வை ஆகிய நான்கும் எந்த வயதிலும் வயதின் கணக்கு ஆகா. படிப்படியாக வந்ததையும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் வயது என்று எழுத வேண்டும்.

நான்காவது, வீட்டில் இருக்கும் நமக்கு. பெரியவர் வைத்த கெடுவைக் கேட்டு வாங்கி வையுங்கள். "தை பொறக்கட்டும்" என்றால், தை முதல் வாரத்தில் எந்த நாள் என்று அப்போதே கேளுங்கள். அவர் எடுத்த முடிவை மதித்து அதற்கு ஒரு தேதி போட்டுக்கொடுப்பதுதான் பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவி.

முதியவர் நம்மைப் போலவே, சில வேளை நம்மைவிடச் சிக்கனமாக, கையில் உள்ளதை வைத்து முடிவெடுக்கிறார். அவர் கையில் இருப்பது பழையதாக இருந்தால் அதைப் புதுப்பித்துத் தரவேண்டிய பொறுப்பு அதை முதலில் கொடுத்த மருத்துவத்துக்கு உண்டு. தாமதத்தைப் பற்றி இனி ஆய்வு செய்யும் மாணவர்கள், நோயாளி எத்தனை நாள் கழித்து வந்தார் என்பதோடு, மாறிய செய்தி அவரைத் தேடிப்போக எத்தனை ஆண்டு எடுத்தது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.